கேட்கிற ஆள் ஒருத்தர் வேண்டும்: ராப்பரும் புரொட்யூசரும் சேர்ந்து செய்யும் ஆல்பங்கள் பற்றி

மனசைத் திறந்து பேசுகிற ராப் ஆல்பம் ஒன்றைக் கேட்டு முடித்ததும் நாம் பாராட்டுவது பேசினவரைத்தான். என்னமா எழுதியிருக்கான், எவ்வளவு தைரியமா சொல்லியிருக்கான் என்போம். அவரை அப்படிப் பேச விட்டது யார், பேசும்போது எதிரே உட்கார்ந்து கேட்டது யார் என்று யோசிப்பதே இல்லை. முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஒரே ராப்பர், ஒரே புரொட்யூசர் என்று வருகிற ஆல்பங்களைப் பல வருஷமாக விடாமல் கேட்டுவருகிறேன். அதில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று இருக்கிறது: ராப்பர் தன்னையே தோண்டிப் பார்க்கிற வரிகளில் பாதி, பீட் போட்டவருக்குச் சேர வேண்டியது. வரியை அவர் எழுதியிருக்க மாட்டார். ஆனால் அப்படி ஒரு பீட்டைக் கொடுத்துவிட்டு அவர் ஒதுங்கி நிற்காமல் போயிருந்தால் அந்த வரி வெளியே வந்தே இருக்காது.

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வீட்டிலேயே ராப் செய்கிற பசங்க இப்போது நிறையப் பேர். அவர்களை மனதில் வைத்துத்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சினிமாவில் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர். ஹிப்ஹாப்பில் புரொட்யூசர் என்றால் பீட் செய்கிறவர், அதாவது டிரம்ஸ், பேஸ், எங்கிருந்தோ எடுத்த ஒரு துண்டு இசை இதையெல்லாம் கோத்து, ராப்பர் நின்று பேசுவதற்கான தளத்தைப் போட்டுத்தருகிறவர். நம்ம ஊர்க் கணக்கில் இசையமைப்பாளர் என்று சொல்லலாம், ஆனால் அவர் பாடுவதற்கு மெட்டு தருவதில்லை. பாடுகிற மெட்டு என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை, பேச்சுதான் மெட்டு.

பெரிய கம்பெனி வெளியிடும் ராப் ஆல்பங்களில் பதினைந்து பாட்டு இருந்தால் ஏழெட்டுப் பேராவது பீட் கொடுத்திருப்பார்கள். அதற்கு வியாபாரக் காரணம் உண்டு. கிளப்புக்கு ஒரு பாட்டு, ரேடியோவுக்கு ஒரு பாட்டு, காதலுக்கு ஒன்று, சண்டைக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் அதில் பேர் வாங்கின ஆளைப் பிடிப்பார்கள். இதில் நல்ல ஆல்பங்கள் வந்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு பாட்டிலும் ராப்பர் புதுசாக ஒரு ஆளிடம் அறிமுகம் ஆகிறார். புது ஆளிடம் யாரும் தன் அப்பாவைப் பற்றியோ, கடனைப் பற்றியோ, தன் பயத்தைப் பற்றியோ முதல் நாளே பேசிவிட மாட்டார்கள். தன் பெருமையைத்தான் பேசுவார்கள். ஒரே புரொட்யூசரோடு பன்னிரண்டு பாட்டு உட்காரும்போது நாலாவது ஐந்தாவது பாட்டுக்குள் பெருமை தீர்ந்துபோகிறது. அப்புறம்தான் உண்மையான பேச்சு ஆரம்பிக்கிறது.

இரண்டாவது காரணம் இசையிலேயே இருக்கிறது. நம் சினிமாப் பாட்டு நகர்ந்துகொண்டே இருக்கும். பல்லவி, ஒரு இடையிசை, சரணம், திரும்பப் பல்லவி, நடுவில் வயலின் எழும், கோரஸ் வரும். மனசு என்ன உணர வேண்டும் என்பதை இசையே கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டிவிடும். ராப் பீட் பெரும்பாலும் ஒரு லூப். நாலு பார் நீளம், ஒரு பாருக்கு நாலு அடி, மொத்தம் பதினாறு அடி. நிமிஷத்துக்கு 90 அடி என்கிற வேகத்தில் ஓடினால் அந்த லூப் முழுசும் பதினொரு விநாடிகூட வராது. அதையே திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். வழக்கமான ஒரு வெர்ஸ், அதாவது ராப்பர் ஒரே மூச்சாகப் பேசுகிற ஒரு பகுதி, 16 பார், அதே வேகத்தில் ஏறக்குறைய 43 விநாடி. இசை நகராமல் ஒரே இடத்தில் நிற்பதால் நகர வேண்டிய பொறுப்பு முழுக்கச் சொல்லுக்கு வந்துவிடுகிறது. ஒரே சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்தில் காது அதை விட்டுவிடும், மனசு உள்ளே திரும்பிவிடும். சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்குடோனுக்கு நடுவே வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த லூப் பழக்கத்துக்குப் பின்னால் மெஷின்களின் கதையும் இருக்கிறது. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், 1520 செட்ஜ்விக் அவென்யூ என்ற கட்டடத்தில் நடந்த ஒரு பார்ட்டியைத்தான் ஹிப்ஹாப்பின் பிறந்தநாளாகச் சொல்வார்கள். அங்கே டிஜே கூல் ஹெர்க், பாட்டில் டிரம்ஸ் மட்டும் தனியாக வருகிற இடத்தை, ஒரே ரெக்கார்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு நீட்டி நீட்டிப் போட்டார். 1987இல் எஸ்பி-1200 என்ற சாம்ப்ளர், அதாவது சத்தத் துண்டுகளைப் பதிந்து திரும்ப ஓட்டுகிற மெஷின், வந்தது. அதன் நினைவகத்தில் மொத்தமே பத்து விநாடிச் சத்தம்தான் பிடிக்கும். அதனால் நிமிஷத்துக்கு 33 சுற்று சுற்ற வேண்டிய ரெக்கார்டை 45 சுற்றில் வேகமாக ஓட்டிப் பதிந்துகொண்டு, மெஷினுக்குள் மறுபடி வேகத்தைக் குறைப்பார்கள். இடம் மிச்சமாகும். கூடவே சத்தம் கொஞ்சம் சொரசொரப்பாகி, தூரத்திலிருந்து கேட்கிற மாதிரி, பழைய ஞாபகம் மாதிரி ஆகிவிடும். இடப்பற்றாக்குறைக்காகச் செய்த வேலை கடைசியில் ஏக்கத்தின் சத்தமாகவே மாறிவிட்டது. ராப்பர்கள் அந்தச் சத்தத்தின் மேல் நின்று சின்ன வயசைப் பற்றிப் பேச ஆரம்பித்ததில் ஆச்சரியமே இல்லை.

அந்த மெஷினில் கைதேர்ந்தவர்களில் ஒருவர் பீட் ராக். அவரும் ராப்பர் சி.எல். ஸ்மூத்தும் ஜோடி. 1992இல் வந்த அவர்கள் ஆல்பத்தில் 'தே ரெமினிஸ் ஓவர் யூ' என்று ஒரு பாட்டு இருக்கிறது. இறந்துபோன டிராய் டிக்சன் என்ற நண்பருக்காகச் செய்தது. டாம் ஸ்காட்டின் பழைய ரெக்கார்டு ஒன்றிலிருந்து எடுத்த சாக்ஸஃபோன் துண்டு அதில் வந்து வந்து போகும், ஒரு தடவை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். நான் கவனிக்கச் சொல்வது வேறு இரண்டு விஷயங்களை. முதல் விஷயம், அந்தத் துக்கம் முதலில் வந்தது புரொட்யூசரிடம். நண்பனை இழந்த மனநிலையில்தான் அந்த பீட்டைச் செய்தேன் என்று பீட் ராக்கே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அடுத்து, சி.எல். ஸ்மூத் எடுத்த எடுப்பில் இறந்த நண்பனைப் பற்றிப் பேசுவதில்லை. தான் பிறந்த கதை, தன் அம்மா, தாத்தா என்று தன் குடும்பத்தைச் சுற்றிவந்துவிட்டுக் கடைசியில்தான் டிராயிடம் வருகிறார். எழவு வீட்டுக்குப் போனவர்களுக்கு இது புரியும். செத்தவரைப் பற்றி நேராகப் பேச வாய் வராது, வேறெதையோ பேசிப் பேசித்தான் அங்கே வந்துசேர்வோம். ஒருத்தருடைய துக்கம் இன்னொருத்தருடைய ஞாபகத்தை எழுப்பிவிட்டது. இரண்டு பேர் ஆல்பம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் முதலில் போட்டுக்காட்டுவது இந்தப் பாட்டைத்தான்.

புரொட்யூசர் மேட்லிப், ராப்பர் எம்எஃப் டூம் ஜோடியின் 'மேட்வில்லனி' (2004) தன்னைத்தானே தோண்டுகிற ஆல்பம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஜோடி எப்படி வேலை செய்கிறது என்பதற்கு அதையும் பார்க்க வேண்டும். அதன் பீட்டுகளில் ஒரு பகுதியை மேட்லிப் பிரேசிலில் ஹோட்டல் அறையில் உட்கார்ந்து, கையில் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி ஒரு சின்ன சாம்ப்ளரில் செய்தார். பாதி முடிந்த நிலையில் ஆல்பம் வெளியே கசிந்துவிட, டூம் பல பாட்டுகளைத் திரும்பப் பாடினார். இந்தத் தடவை குரலை இறக்கி, நிதானமாக, பக்கத்து நாற்காலிக்காரரிடம் பேசுகிற மாதிரி. வரி பெரும்பாலும் அதேதான், குரலின் தூரம் மாறியது, ஆல்பமே வேறாகிவிட்டது. 22 பாட்டு, 46 நிமிஷம், பெரும்பாலான பாட்டுகளில் ஹூக்கே, அதாவது பல்லவி மாதிரி திரும்பத் திரும்ப வருகிற வரியே, கிடையாது. இதே மேட்லிப் நம்ம நாட்டுப் பழைய சினிமா இசையைத் துண்டு துண்டாக வெட்டி 2007இல் ஒரு முழு பீட் தொகுப்பே போட்டார் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன், இங்கே பலருக்கு அது தெரிவதில்லை.

அப்புறம் கா என்ற ராப்பர். நியூயார்க் தீயணைப்புத் துறையில் கேப்டனாக வேலை பார்த்துக்கொண்டே ராப் செய்தவர், 2024இல் காலமானார். பிரிசர்வேஷன் என்ற டிஜேயோடு சேர்ந்து 2015இல் அவர் செய்த ஆல்பத்தில் பல இடங்களில் டிரம்ஸே இருக்காது. டிரம்ஸ் இல்லாவிட்டால் ராப்பருக்கு ஒளிந்துகொள்ள இடமே இல்லை. ஒவ்வொரு மூச்சும் கேட்கும், ஒரு வரி பொய்யாக இருந்தால் அப்படியே தனியாக நிற்கும். பகலில் தீயணைத்துவிட்டு ராத்திரி எழுதின ஆளின் குரல் அது. சத்தம் போடத் தேவையில்லாத குரல்.

சமீபத்தில் என்னை அதிகம் பிடித்துவைத்திருப்பது பில்லி வுட்ஸ் என்ற ராப்பரும் கென்னி சீகல் என்ற புரொட்யூசரும் 2023 மே மாதம் வெளியிட்ட 'மேப்ஸ்'. இவர்கள் இருவரும் 2019லேயே ஒரு ஆல்பம் செய்திருந்தார்கள், அது இருட்டான ஆல்பம். பில்லி வுட்ஸ் நியூயார்க்காரர், அப்பா ஜிம்பாப்வே, அம்மா ஜமைக்கா, சின்ன வயசில் சில வருஷம் ஜிம்பாப்வேயில் வளர்ந்தவர். போட்டோவில் முகத்தைக் காட்ட மாட்டார். கென்னி சீகல் லாஸ் ஏஞ்சலஸ்காரர், ஜாஸ் வாசம் அடிக்கிற பீட்டுகள் செய்கிறவர். மேப்ஸில் 17 பாட்டு. ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போய் வருகிற ஒரு ஆளின் பயணம்தான் மொத்த ஆல்பமும்: விமானம், ஹோட்டல், சவுண்ட் செக், தெரியாத ஊரில் சாப்பாடு, வீட்டுக்கு வீடியோ கால், திரும்ப விமானம், கடைசியில் வீடு. கடைசிப் பாட்டில் அவர் பூங்காவில் குழந்தையை ஊஞ்சலில் வைத்து ஆட்டிக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்தில் இவனுக்கு எப்போது வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் நடந்துவிடலாமே என்ற பயம் சட்டென்று அவரைப் பிடிக்கிறது. பதினாறு பாட்டாக ஊரெல்லாம் சுற்றிய பிறகுதான் அந்த ஒரு பயத்தைச் சொல்ல முடிகிறது. முதல் பாட்டிலேயே சொல்லியிருந்தால் அது வெறும் சென்டிமென்ட்டாகப் போயிருக்கும்.

என் பெரியப்பா பையன் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் டிரைவர். ஆழ்துளைக் கிணறு போட சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று மாசக்கணக்கில் போய்விடுவார், மழைக்காலத்தில் வேலை படுத்தால்தான் ஊருக்கு வருவார். அப்படி வந்திருந்தபோது ஒரு பேக்கரி வாசலில் டீயோடு உட்கார்ந்து இந்த ஆல்பத்தின் கடைசி நாலைந்து பாட்டை அவருக்குப் போட்டு, வரிகளை நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

“ஏங்கண்ணு, இவன் வூட்டுக்கு வந்துட்டானா, இன்னும் வல்லையா?” என்றார்.

“வந்துட்டாருங்ணா. ஆனா முழுசா வல்லீங்க.”

“அப்படித்தான் இருக்கும். நாம வந்து எறங்குனா பத்து நாளைக்குக் கொழந்தை கிட்டவே வராது. நாமளும் ராத்திரியெல்லாம் வண்டிச் சத்தம் கேக்கற மாதிரியேதான் படுத்திருப்போம்.”

இந்த ஆல்பத்தைப் பற்றி நான் படித்த எந்த விமர்சனத்தையும்விட அந்தக் கேள்வி நேராக உள்ளே போனது. பில்லி வுட்ஸ் எங்கேயும் நான் தனிமையில் வாடுகிறேன் என்று சொல்லவில்லை. ஊரும் சாப்பாடும் பெட்டியும்தான் சொல்கிறார். உடம்பு வீட்டில், மனசு இன்னும் ரோட்டில் என்ற நிலையைக் கேட்கிறவர்கள் தாங்களாகவே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அதற்கு இடம் விட்டவர் கென்னி சீகல். பதினேழு பாட்டுக்கும் பதினேழு பேர் பீட் கொடுத்திருந்தால் அந்தப் பயணம் ஒரே பயணமாகக் கேட்டிருக்காது.

இந்த இடத்தில் எனக்கு உடுக்கைப் பாட்டு ஞாபகம் வருகிறது. கொங்கு நாட்டின் பெரிய கதை அண்ணன்மார் கதை, பொன்னர் சங்கர் கதை. அதை ராத்திரி ராத்திரியாக உடுக்கை அடித்துப் பாடுவார்கள். 1965இல் பிரெண்டா பெக் என்ற மானுடவியலாளர் காங்கேயம் பக்கத்துக் கிராமத்தில் அதை முழுசாக டேப்பில் பதிவு செய்தார். 18 ராத்திரி ஓடியது. அந்தப் பாட்டில் எப்போதும் இரண்டு பேர். தலைமைப் பாடகர் ஒருவர், பின்பாட்டுக்காரர் ஒருவர். பின்பாட்டுக்காரர் சும்மா திருப்பிப் பாடுகிறவர் இல்லை. அவர் கேள்வி கேட்பார், ஆமா போடுவார், எதிர்ப் பாத்திரமாகப் பேசுவார், தலைமைப் பாடகர் களைத்தால் தாங்கிக்கொள்வார். கதையின் ஓட்டத்தில் பாதி அவர் கையில். படுகளம் வருகிற இடத்தில், அண்ணன்மார் மாண்டு கிடக்கும்போது தங்கச்சி வந்து நிற்கிற இடத்தில், கேட்கிறவர்கள் கண்ணில் தண்ணீர் வருவதற்குத் தலைமைப் பாடகரின் குரல் எவ்வளவு காரணமோ அவ்வளவு காரணம் அந்த இன்னொருத்தரின் நிதானம்.

ராப் நம்மூரில் அப்போதே இருந்தது என்று பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஹிப்ஹாப் பிராங்க்ஸில் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள் உருவாக்கியது, அந்தப் பெருமை அவர்களுடையது. உடுக்கைப் பாட்டு சாமிக்கும் ஊருக்கும் பாடுவது, ஒரு தனி ஆளின் மனக்குறையைச் சொல்வதற்காக ஏற்பட்டது இல்லை. நான் சொல்வது ஒரே ஒரு ஒற்றுமையைத்தான். ஒரு ஆள் நீளமாக, ஆழமாகப் பேச வேண்டுமென்றால் பக்கத்தில் தாளத்தோடு இன்னொரு ஆள் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பது இங்கே பழக்கமான விஷயம். நம்ம பசங்களுக்கு அது புதுசாகத் தெரியவேண்டிய அவசியமே இல்லை.

தமிழ் ராப்பிலும் சேர்ந்து ஆல்பம் செய்கிற வழக்கம் உண்டு. மலேசியாவிலிருந்து யோகி பியும் நட்சத்திரா குழுவும் 2006இல் 'வல்லவன்' ஆல்பம் கொண்டுவந்தார்கள், 'மடை திறந்து' எல்லா ஆட்டோவிலும் ஓடியது. அதைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறை இங்கே எழுந்தது. கோயமுத்தூர்க்காரரான ஆதி, ஜீவாவோடு சேர்ந்து ஹிப்ஹாப் தமிழா என்ற பெயரில் 2012இல் 'ஹிப்ஹாப் தமிழன்' வெளியிட்டார். இரண்டு பேர் சேர்ந்தால் சினிமா இல்லாமலே ஒரு ஆல்பம் போடலாம் என்று நம்ம பக்கத்துப் பசங்களுக்குத் தைரியம் வந்தது அதற்கு அப்புறம்தான். அவர்கள் பிறகு சினிமாவுக்குப் போய்விட்டார்கள். 2019இல் அறிவும் ஆஃப்ரோ என்ற புரொட்யூசரும் சேர்ந்து 'தெருக்குரல்' செய்தார்கள். ராப்பர் ஒருவர், பீட் ஒருவர் என்ற கணக்கில் தமிழில் வந்த முக்கியமான ஆல்பம் அது. சாதி, அரசியல், நிலம் என்று பெரும்பாலும் வெளியே பார்த்துக் கோபமாகப் பேசுகிற ஆல்பம், அந்தக் கோபத்துக்கு அவசியமும் இருந்தது.

உள்ளே பார்த்துப் பேசுகிற முழு ஆல்பங்கள்தான் தமிழில் குறைவு. அதற்கு ஒரு காரணம் சினிமா. ராப்பருக்கு சினிமாப் பாட்டில் கிடைப்பது எட்டு பார், மிஞ்சினால் பதினாறு, அதுவும் ஹீரோவைப் புகழ்வதற்கு. வெளியே வந்தாலும் ஒரு பாட்டு, ஒரு வீடியோ, அது ஓடினால் அடுத்த பாட்டு. பத்துப் பாட்டாக ஒரு விஷயத்தை வளர்த்துக்கொண்டு போக யாருக்கும் பொறுமை இல்லை, பணமும் இல்லை. இன்னொரு காரணம் நம்ம வளர்ப்பு. கொங்குப் பக்கத்து ஆண்பிள்ளைகள் விலைவாசி பேசுவார்கள், மழை பேசுவார்கள், யாருக்கு எவ்வளவு நிலம் என்று பேசுவார்கள், தன் மனசில் என்ன ஓடுகிறது என்பதை மட்டும் பேச மாட்டார்கள். ஊர் என்ன நினைக்கும் என்பது தொண்டையிலேயே உட்கார்ந்திருக்கும்.

மொழியும் ஒரு தடையாகிவிட்டது. தமிழ் ராப்பில் சென்னைத் தமிழ் ஆட்சி செய்கிறது, அது சவால் விடுவதற்கு அருமையான தமிழ். அதைப் பார்த்து நம்ம பக்கத்துப் பசங்களும் வீட்டில் பேசாத ஒரு பேச்சில் எழுதுகிறார்கள். என்னுங்க, சொல்லுங்க, போயிட்டு வர்றனுங்க என்று பேசி வளர்ந்த வாய்க்கு சவால் சரியாக வருவதில்லை. அந்தப் பேச்சில் எப்போதும் எதிரே ஒரு ஆள் இருக்கிறார், மரியாதைக்குரிய ஆள். குற்ற உணர்ச்சி, நன்றி, வருத்தம் இதையெல்லாம் சொல்ல அதைவிடப் பொருத்தமான பேச்சு எனக்குத் தெரியவில்லை. மோனையும் எதுகையும் நம் மொழியில் வரியின் தொடக்கத்திலேயே ஒலிக்கும், கடைசிச் சொல்லில்தான் ஒலி ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதனால் வரியின் முடிவைச் சும்மா பேச்சு மாதிரி விட்டுவிடலாம். மெதுவாகப் பேசுகிற ராப்புக்கு இது பெரிய வசதி, இதை இன்னும் யாரும் முழுசாகப் பயன்படுத்தவில்லை.

பயன்படுத்த ஆரம்பித்திருக்கிற ஒரு ஜோடியை எனக்குத் தெரியும். ஒருவன் சோமனூர் பக்கம் தறிக்காரர் வீட்டுப் பையன், பீட் செய்கிறவன். இன்னொருவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான், எழுதுகிறவன். கூலிப் பிரச்சினை இழுத்துக்கொண்டே போய், அந்தப் பகுதியில் பலரும் செய்த மாதிரி, பீட் செய்கிறவனின் அப்பா தறிகளைப் பழைய இரும்பு விலைக்குப் போட்டுவிட முடிவு செய்தார். லாரி வருவதற்கு முன்னால் பையன் ஒவ்வொரு தறியின் சத்தத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்துவைத்துக்கொண்டான். ஒரு தறி மாதிரி இன்னொரு தறி அடிக்காது, ஒன்று கொஞ்சம் தள்ளி அடிக்கும், ஒன்றில் ஏதோ தளர்ந்துபோய்க் கூடுதலாக ஒரு சத்தம் வரும். நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேல் அடிக்கிற அந்தச் சத்தத்தை வேகம் குறைத்து, ஒன்றின் மேல் ஒன்று அடுக்கி ஒரு லூப் செய்தான்.

எழுதுகிறவனின் அம்மா தறி ஓட்டினவர். முதலில் அவன் எழுதிக்கொண்டு வந்தது அம்மாவைப் போற்றுகிற பாட்டு, நாம் ஆயிரம் கேட்டிருக்கிறோம். பீட் செய்கிறவன் நல்லா இல்லை என்று சொல்லவில்லை. டிரம்ஸை எடுத்துவிட்டு, தறிச் சத்தத்தை மட்டும் தணிவாக வைத்து, பாட்டுக்கு நடுவே எட்டு பார் காலியாக விட்டு அனுப்பினான். வாட்ஸ்அப்பில் ஆடியோவாக அனுப்பினால் தரம் போய்விடும் என்று டாக்குமென்ட்டாக அனுப்பினான், இதெல்லாம் அவர்களுக்குப் பழக்கம். அந்தக் காலி எட்டு பாரில் என்ன சொல்வது என்று எழுதுகிறவன் வாரக்கணக்கில் முழித்தான். கடைசியில் வந்தது இது: பல வருஷம் தறிக்குள் நின்று அம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டது, அதனால் எங்கே போனாலும் கத்தித்தான் பேசுவார், ஸ்கூல் படிக்கிறபோது பஸ்ஸில் அம்மா அப்படிப் பேசினால் இவன் தெரியாதவன் மாதிரி வேறு சீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்வான். அதைப் பாட்டில் அம்மாவிடமே சொல்கிறான், வீட்டில் பேசுகிற அதே பேச்சில்.

அதைப் பதிவு செய்தது மாதாந்திரப் பராமரிப்புக்காக கரண்ட் எடுக்கிற நாளில். மற்ற நாட்களில் சுற்றிலும் ஓடுகிற தறிகளால் அந்த வீட்டில் மைக் வைக்கவே முடியாது. லேப்டாப் பேட்டரியில் ஓட்டி, ஜன்னலில் மெத்தையைச் சாத்தி, மூன்று மணி நேரத்துக்குள் முடித்தார்கள். நான் கேட்ட டேக்கில் ஒரு இடத்தில் குரல் லேசாக வழுக்குகிறது. எழுதுகிறவன் அதைத் திரும்பப் பாட வேண்டும் என்றான், மற்றவன் வேண்டாம் என்றான். அப்படியே இருக்கிறது. மிக்ஸிங் தெரிந்த யாரும் குறை சொல்லக்கூடிய இடம், ஆனால் எனக்கு அந்தப் பாட்டே அந்த இடம்தான்.

பணக் கணக்கையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நல்ல ஜோடிகள் உடைகிற இடம் அது. ஒரு பாட்டில் வரி ஒரு படைப்பு, இசை ஒரு படைப்பு, பதிவு செய்த ஒலி மூன்றாவது. நம் நாட்டுச் சட்டம் மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கிறது. 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, எழுதினவருக்கும் இசையமைத்தவருக்கும் வர வேண்டிய ராயல்டியை வேறு யாருக்கும் எழுதிக்கொடுத்துவிட முடியாதபடி செய்தார்கள், வாரிசுக்கும் உரிமைச் சங்கத்துக்கும் மட்டும் விலக்கு. ஆகவே யாருக்கு எத்தனை பங்கு என்று முதல் பாட்டை ஆரம்பிக்கும்போதே ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், எவ்வளவு நெருங்கிய நண்பனாக இருந்தாலும். சாம்பிள், அதாவது அடுத்தவர் பாட்டிலிருந்து துண்டு எடுக்கிற விஷயத்திலும் கவனம் வேண்டும். அமெரிக்காவில் 1991இல் பிஸ் மார்க்கி என்ற ராப்பர் மீது வந்த தீர்ப்புக்கு அப்புறம் அனுமதி இல்லாமல் துண்டு எடுப்பது பெரிய ஆபத்தாகிவிட்டது, இங்கேயும் பழைய சினிமாப் பாட்டை எடுத்தால் ஆடியோ கம்பெனி கேட்கத்தான் செய்யும். வீட்டுத் தறி, ஊர்த் திருவிழா ஜமாப் மேளம், பாட்டி அரிசி புடைக்கிற சத்தம் இதையெல்லாம் யாரும் வந்து கேட்கப்போவதில்லை.

புதுசாகக் கேட்க ஆரம்பிக்கிறவர்கள் பீட் ராக், சி.எல். ஸ்மூத் பாட்டிலிருந்து தொடங்கலாம், இங்கிலீஷ் வரிகளைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு. மேப்ஸை மட்டும் ஷஃபிளை அணைத்துவிட்டு முதலிலிருந்து கடைசி வரை வரிசையாகக் கேளுங்கள், கோயமுத்தூரில் ரயில் ஏறினால் ஈரோடு போவதற்குள் ஏறக்குறைய இரண்டு தடவை கேட்டுவிடலாம். இரண்டாவது தடவை ராப்பரை விட்டுவிட்டு பீட்டை மட்டும் பின்தொடருங்கள்: எங்கே டிரம்ஸ் நிற்கிறது, எங்கே திரும்ப வருகிறது, அவர் எதைச் சொல்லும்போது இசை தள்ளி நிற்கிறது என்று.